காளையின் பொறாமைக்கு ஓராண்டு நீட்டிப்பு

மதுரை தல்லாகுளத்து மாடி மண்டபம் ஒன்றில் நடந்த அகவெளிச்சம் சமூக மனநலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்திருந்தவர்களும், அவர்கள் உட்கார்ந்திருந்த இடங்களும் வருமாறு: மேடை நடுவில், பூத்துவாலை விரித்த பெரிய நாற்காலியில், நிதி கொடுக்கும் பொன்னூஞ்சல் அறக்கட்டளையின் மதிப்பீட்டு அலுவலர் திரு. அழகுபாண்டி. அவருக்கு வலப்பக்கம் சங்கத்தின் இயக்குநர் திருமதி சுபலட்சுமி. இடப்பக்கம், ‘குணமடைந்தவர்’ என்று அட்டை ஒட்டிய நாற்காலியில், அத்தர் கடை அல் அமீன். கீழே முதல் வரிசையில் சங்கத்துக்கு நன்கொடை கொடுத்தவர்கள். இரண்டாம் வரிசையில், கொடுக்கக்கூடும் என்று நம்பப்படுகிறவர்கள். மூன்றாம் வரிசையில் ஊழியர்கள். அவர்களுக்குப் பின்னால், யாருக்காகச் சங்கம் நடக்கிறதோ அவர்கள். எல்லாருக்கும் பின்னால், தூண் மறைக்கிற இடத்தில், கொட்டாம்பட்டி பஞ்சர் கடைக் காளை.

காளையின் கண் அட்டை ஒட்டிய அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. நாலு வருஷமாக அதில் உட்கார்ந்தவன் அவன்தான். குத்துவிளக்கின் கடைசித் திரியை ஏற்றுவது, மைக்கைப் பிடித்துத் தன் கதையைச் சொல்வது, சால்வை வாங்குவது, எல்லாம் அவன் பாடு. இந்த வருஷம் வாசலிலேயே ஊழியர் மலையம்மாள் அவன் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

“என்னக்கா, அங்கன உக்கார வைக்கலையா?”

“நீ குணமாகி ரொம்ப நாளாச்சாம்ப்பா. புதுசாக் குணமான ஆளைத்தான் காட்டணும்னு மேடம் சொல்லிட்டாங்க.”

“நல்லாருக்கே! குணமானதுல புதுசு பழசு இருக்கா?”

“எனக்கென்ன தெரியும்? மிக்சர் குடுக்கிறப்ப உனக்கு ரெண்டு பொட்டலம் தாரேன், பேசாம இரு.”

காளை பேசாமல் இருந்தான். வயிறு பேசாமல் இல்லை.

இயக்குநர் எழுந்து ஆண்டறிக்கை வாசித்தார். “பெரியோர்களே! இந்த ஆண்டு நம் சங்கம் ஒரு லட்சம் மனங்களைத் தொட்டிருக்கிறது. பேருந்து நிலைய வாசலில் நம் பதாகை ஒரு வாரம் தொங்கியது. அதன் கீழே ஒரு லட்சம் பேர் நடந்து போயிருப்பார்கள். அவர்களில் சிலர் அண்ணாந்து பார்த்ததற்குப் புகைப்படம் இருக்கிறது. அடுத்து, நம் ஊழியர்களின் மன அழுத்தத்தைப் போக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் புன்னகைப் பயிற்சி நடத்தினோம். வராதவர்களிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கப்பட்டது.”

முதல் வரிசை கைதட்டியது. முதல் வரிசை தட்டுவதைப் பார்த்து இரண்டாம் வரிசையும் தட்டியது.

“இனி சவால்கள். நம் மிகப் பெரிய சவால் கொட்டாம்பட்டி மாத முகாம். அங்கே மருத்துவர் போகிறார், மாத்திரை கொடுக்கிறோம், மலையம்மாள் வீடு வீடாகப் போய்ப் பேசுகிறார். விளைவு என்ன? எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். நன்றாக இருப்பவர்களைக் காட்டி நாம் எப்படி நிதி கேட்பது? ஆகவே கனத்த மனத்தோடு அந்த முகாமை மூடிவிட்டு, நகருக்குள் வலம் வர ஒரு மனநல வண்டி வாங்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். ஆனையூரில் ஒரு நட்பு அமைப்பு ஏற்கெனவே வண்டி வைத்திருக்கிறது. நான் பொறாமைப்படுகிறவள் அல்ல. மனநலத்தில் முதுநிலைப் பட்டம் வாங்கியவள். அந்த வண்டியின் பக்கக் கதவு சரியாகச் சாத்துவதில்லை என்பதை மட்டும் தகவலுக்காகச் சொல்லி வைக்கிறேன்.”

காளைக்கு அப்போதுதான் மூடப்போவது தன் ஊர் முகாம் என்பது உறைத்தது. அவன் இரவில் போடுகிற ஒற்றை மாத்திரை அங்கிருந்துதான் வருகிறது. ஒருமுறை அதை இடையில் நிறுத்திப் பார்த்தவன் அவன். நிறுத்திய கொஞ்ச நாளில், மறுபடியும் நாலுவழிச் சாலையின் நடுவில் நின்று, போகிற லாரிகளையெல்லாம் கைகாட்டி நிறுத்தி, “டயரு அழுவுதுண்ணே, இறங்கி என்னன்னு கேளுங்க” என்று டிரைவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். மதுரைக்கு வந்து மாத்திரை வாங்கலாம்தான். கடையைப் பூட்டினால் போகிறது. ஆனால் அவன் தெருவில் இருக்கும் இருளாயி என்ன செய்வாள்? அவள் பஸ் என்றால் படி ஏறமாட்டாள். முகாம் இல்லையென்றால் அவளுக்கு மாத்திரையும் இல்லை.

இதையெல்லாம் எழுந்து சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது அல் அமீன் மைக்கைப் பிடித்தான்.

பையன் நன்றாகப் பேசினான். எட்டு மாதம் அறைக்குள்ளேயே கதவைச் சாத்திக்கொண்டு கிடந்ததை, அம்மா மைதீன் பீவி கதவுக்கு வெளியே தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னான். சரியான இடத்தில் குரல் தழுதழுத்தது. முதல் வரிசையில் ஓர் அம்மா கைக்குட்டையை எடுத்தார். காளை நாலு வருஷம் பேசியும் கைக்குட்டை ஒன்றுகூட வெளியே வந்ததில்லை. அழகுபாண்டி எழுந்து பையனுக்குச் சால்வை போர்த்தினார். சரிகை போட்ட சால்வை. காளைக்குக் கிடைத்த சால்வையெல்லாம் வெறும் துண்டு.

அதற்குமேல் அவனால் முடியவில்லை. எழுந்துவிட்டான்.

“சார்! ரூமுக்குள்ள படுத்துக் கெடந்ததெல்லாம் ஒரு நோயா சார்? நான் நாலுவழிச் சாலைய நிப்பாட்டினவன்! திருச்சிக்குப் போற வண்டி அம்புட்டும் எனக்காக நின்னிருக்கு! எனக்கு வந்ததுல கால்வாசி வந்திருக்குமா இந்தத் தம்பிக்கு?”

மலையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள். அழகுபாண்டி மட்டும் மேடையின் நுனிக்கு வந்து, தூணைச் சுற்றி எட்டிப் பார்த்தார்.

“இப்ப உங்களுக்கு என்ன மாதிரி இருக்கு? மறைக்காமச் சொல்லுங்க.”

காளைக்கு மறைக்கத் தெரியாது. “பொறாமையா இருக்கு சார். வயிறு எரியுது.”

அழகுபாண்டி முகத்தில் வெளிச்சம் பரவியது. மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார். “இந்த மாவட்டத்துல எல்லாச் சங்கத்தையும் பார்த்துட்டு வர்றேன். மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, இதையேதான் எல்லாரும் கொண்டுவந்து நீட்டுறாங்க. எங்க டிரஸ்டிகளுக்குச் சலிச்சுப் போச்சு. பொறாமைய இதுவரைக்கும் யாருமே கையில எடுக்கல. ஏன் எடுக்கல?”

இயக்குநர் இமைக்கவில்லை. “அதைத்தான் சார் ரெண்டு வருஷமா நாங்க யோசிச்சுக்கிட்டே இருக்கோம்.”

கூட்டம் முடிந்து மிக்சர் தீர்வதற்குள், அடித்தள மக்களின் பொறாமைத் தணிப்புத் திட்டம் பக்கத்து அறையில் பிறந்துவிட்டது. முதல் பயனாளி காளை. அவன் ஊர் கொட்டாம்பட்டி என்பதால் முகாமும் அங்கேயே நடக்கும். மருத்துவரும் மாத்திரையும் அதனோடு ஒட்டிக்கொண்டு வரும். நிபந்தனை ஒன்றுதான். பொறாமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய வேண்டும். குறையாவிட்டால் திட்டம் தோல்வி. ஒரேயடியாகத் தீர்ந்துவிடவும் கூடாது. தீர்ந்துவிட்டால் முகாமுக்கு அங்கே வேலையில்லை.

“ஆக, நான் பொறாமைப்பட்டுக்கிட்டே இருக்கணும்?” என்று கேட்டான் காளை.

“அளவாப் படணும்ப்பா” என்றாள் மலையம்மாள்.

அளப்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு வினாத்தாள் வந்தது. ‘பக்கத்து வீட்டுக்காரர் புது மோட்டார் சைக்கிள் வாங்கினால் உங்களுக்கு எப்படி இருக்கும்? மகிழ்ச்சி, ஓரளவு மகிழ்ச்சி, சொல்ல இயலாது, எரிச்சல், தூக்கம் வராது.’ மலையம்மாள் அதை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனாள். ஊரார் அதை அவ்வளவு சுலபமாக விடவில்லை.

“எந்தப் பக்கத்து வீடு? கிழக்கயா, மேக்கயா?”

“ஏதோ ஒரு வீடுன்னு வச்சுக்கங்க.”

“அது எப்படி? கிழக்க இருக்கிறவன் வாங்கினா எனக்குச் சந்தோஷம். மேக்க இருக்கிறவன் வாங்கினா அது என் காசு.”

இருளாயியிடம்தான் பெரும்பாடாகப் போயிற்று. எல்லாக் கேள்விக்கும் அவள் ஒரே பதில் வைத்திருந்தாள்.

“வாங்கட்டும்த்தா. நல்லா ஓட்டிட்டுப் போகட்டும்.”

“அடுத்தவ புள்ளைக்குக் கவர்மெண்டு வேலை கிடைச்சா?”

“போகட்டும்த்தா. அதுவும் ஒரு புள்ளதானே.”

மலையம்மாள் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கெஞ்சினாள். “ஆத்தா, கொஞ்சமாச்சும் பொறாமைப்படு. உனக்கு முட்டைதான் விழுந்திருக்கு. இப்படியே போனா மாத்திரை நின்னுபோகும்.”

இருளாயி யோசித்தாள். “சரி, யாரு மேல படணும்? ஆளைக் காட்டு, படுறேன்.”

இப்படி மதிப்பெண் குறைவதைக் கேள்விப்பட்ட இயக்குநர், அதிக மதிப்பெண் எடுப்பவருக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் பரிசு என்று அறிவித்தார். முதல் கேரியரை மேலத்தெரு முத்துப்பாண்டி கொண்டு போனான். மறு மாதமே ஊரில் பாதிப் பேருக்குத் தூக்கம் வரவில்லை. திட்டம் வேர் பிடித்துவிட்டதாகச் சங்கம் அறக்கட்டளைக்கு அறிவித்தது.

சிக்கல் காளையிடம்தான் முளைத்தது. முதல் பயனாளியின் பொறாமையை முகாமுக்கு முகாம் அளக்க வேண்டும் என்பதால், அல் அமீனைப் ‘பொறாமைக்குரியவர்’ என்ற பதவியில் சங்கம் அமர்த்தியிருந்தது. மாதம் ஒருமுறை சரிகைச் சால்வையோடு வந்து காளையின் எதிரில் உட்கார வேண்டும். அதுதான் வேலை. பத்து முகாம் வரை ஒழுங்காக எரிந்தது. பதினோராம் முகாமுக்கு வரும்போது மைதீன் பீவி ஒரு தூக்குவாளியில் பிரியாணி கொடுத்தனுப்பிவிட்டார். ‘கதவைத் திறந்து வந்தவனுக்கும், ரோட்டை விட்டு இறங்கி வந்தவனுக்கும்’ என்று சொல்லி அனுப்பியிருந்தார். பஞ்சர் கடையில் டியூப்களுக்கு நடுவே உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டார்கள். காளை கை கழுவி எழுந்தபோது வயிறு குளிர்ந்து கிடந்தது.

அடுத்து வந்தது ஆண்டு முடிவு ஆய்வு. அழகுபாண்டியே நேரில் வந்து அளப்பதாகத் தகவல். அல் அமீன் முகாம் தொடங்குவதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டான்.

“அண்ணே, இன்னைக்கு எம்புட்டு இருக்கு?”

“ஒண்ணுமே இல்ல மாப்ள. உன்னையப் பார்த்தா சந்தோஷமாத்தான் இருக்கு.”

“அல்லாவே! கெடுத்தீங்களே. அந்த சார் வந்து முட்டை போட்டுட்டுப் போனா முகாமை மூடிருவாங்கண்ணே. இருங்க, நான் ஏத்தி விடுறேன். என்னைய காலேஜ்ல பேசக் கூப்பிட்டிருக்காங்க, தெரியுமா? மேடை போட்டு, ஆயிரம் பேர் முன்னால.”

“நல்லது மாப்ள. சட்டைய இஸ்திரி போட்டுட்டுப் போ.”

“அண்ணே! எரியுங்கண்ணே! சுபலட்சுமி மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? ‘காளை பேசினா ஒரே உளறலா இருக்கும், நீங்க பேசினாத்தான் கேக்க முடியுது’ன்னாங்க.”

காளை நிமிர்ந்தான். “அப்படியா சொன்னாங்க?”

“வருதாண்ணே?”

“லேசா வந்துச்சு.” காளை நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டான். “போயிருச்சு.”

“வாப்பாகிட்ட பேசி வச்சிருக்கேன். எனக்குப் புது புல்லட் எடுத்துத் தர்றாரு.”

“எடுத்ததும் மொத ஓட்டத்துக்கு இங்கிட்டு கொண்டா. காத்து நான் பிடிச்சு விடுறேன்.”

அல் அமீன் தலையைப் பிடித்துக்கொண்டு டயர் மேல் உட்கார்ந்துவிட்டான். “உங்களைப் போய்ப் பொறாமைக்காரருன்னு சொன்னாங்களே, அவங்களைச் சொல்லணும்.”

பொறாமை வற்றிப் போகாத இடம் ஒன்று இருந்தது. அது தல்லாகுளத்து அலுவலகம். ஆனையூர்க்காரர்கள் பேராசைத் தணிப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, அதற்கு இரண்டாவது வண்டியும் வாங்கிவிட்டதாக இயக்குநர் காதுக்குச் செய்தி வந்திருந்தது. அன்று அவர் கதவைச் சாத்திக்கொண்டு, வினாத்தாளை எடுத்துத் தனக்குத் தானே போட்டுப் பார்த்தார். மலையம்மாள் பிறகு கூட்டிப் பார்த்தபோது அவர் முத்துப்பாண்டியைத் தாண்டிப் போயிருந்தார். மலையம்மாள் விவரம் தெரிந்தவள். தாளின் தலையில் ‘மாதிரித் தாள்’ என்று எழுதி அடியில் செருகிவிட்டாள். டிபன் கேரியர் விஷயத்தை அவளும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

ஆய்வு ஊர்ச் சமுதாயக்கூடத்தில் நடந்தது. நடு மேசையில் அழகுபாண்டி, பக்கத்தில் இயக்குநர், அவரை ஒட்டி மலையம்மாள். எதிரெதிரே காளையும் அல் அமீனும். சுவரோரமாக மாத்திரைக்கு வந்தவர்கள். அவர்களில் இருளாயி, தீர்ந்துபோன மாத்திரை அட்டையை மடியில் வைத்துக்கொண்டு. அழகுபாண்டி ஒரு தட்டில் சால்வையைக் கொண்டுவரச் செய்து, காளையின் கண் முன்னாலேயே அல் அமீனுக்கு மறுபடியும் போர்த்தினார்.

“இப்ப என்ன தோணுது?”

“நல்லா இருக்கு சார். அந்தக் கலர் தம்பிக்கு எடுப்பா இருக்கு.”

இயக்குநர் மேசைக்கடியில் காலால் மலையம்மாளைத் தேடினார். அழகுபாண்டி பேனாவால் ஒரு கோடு போட்டார். “ஆக, தீர்ந்து போச்சு. வெற்றிகரமா முடிச்சிருக்கீங்க மேடம். வாழ்த்துக்கள். அப்ப முகாமை இத்தோட...”

கூடம் முழுக்க அந்தச் சொல்லின் மிச்சத்தை எதிர்பார்த்திருந்தது. காளை இருளாயியைப் பார்த்தான். பொய்யாகப் பொறாமைப்பட்டுவிடலாம் என்று முகத்தைச் சுளித்துப் பார்த்தான், முகம் கேட்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். எதிரே சுகாதார நிலையத்தில் சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் ஜன்னலில் கையை நீட்டினார், மாத்திரையை வாங்கினார், பையில் போட்டார், சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“சார்” என்றான் காளை. “எரியுது சார்.”

பேனா நின்றது. “யாரைப் பார்த்து?”

“அந்தா, சைக்கிள்ல போறாரே, அவரைப் பார்த்து. சுகர்காரரு சார். வந்தாரு, வாங்கினாரு, போயிட்டாரு. ‘உனக்குச் சுகர் வந்த கதையச் சொல்லு’ன்னு எவனும் மைக்கைக் குடுக்கல. எந்த இடத்துல அழுகணும்னு சொல்லிக் குடுக்கல. இந்த வருஷம் புதுசா சுகர் வந்தவனைக் கொண்டான்னு அவரைத் தூணுக்குப் பின்னால தள்ளல. சுகர் அளவாயிருச்சுன்னா மாத்திரைய நிப்பாட்ட மாட்டாங்க. இன்னும் ஒழுங்காப் போடுன்னுதான் சொல்லுவாங்க. எங்களுக்கு மட்டும் நல்லா இருந்தா முகாம் போயிருது, கெட்டுப் போனாத்தான் முகாம் வருது. சுகர்காரனாப் பொறந்திருக்கலாம் சார். நெசமாச் சொல்றேன், எம்புட்டுப் பொறாமையா இருக்கு தெரியுமா!”

சுவரோரம் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அல் அமீன் சால்வையைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டான்.

அழகுபாண்டி நீண்ட நேரம் எழுதினார். எழுதி முடித்து நிமிர்ந்தபோது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. “அற்புதம். இதுவரை நாம ஆளுக்கு ஆள் பொறாமையத்தான் பார்த்தோம். இது நோய்க்கு நோய் பொறாமை. மனநோயாளி, சர்க்கரை நோயாளியப் பார்த்துப் பொறாமைப்படுறாரு. இந்த நாட்டுலயே யாரும் இதைத் தொட்டிருக்க மாட்டாங்க. மேடம், உங்களுக்கு இது தெரியுமா?”

“அதைத்தான் சார் ரெண்டு வருஷமா...” என்றார் இயக்குநர்.

“இன்னும் ஒரு வருஷம் நீட்டிப்புக் குடுக்கலாம். ஆனா அடுத்த வருஷம் முகாம் அன்னைக்குச் சர்க்கரை நோயாளிகளையும் கூப்பிட்டு எதிர்ல உட்கார வைக்கணும். அளக்கணும் இல்லையா? அப்புறம், பயனாளி தன் கைப்பட ஒரு கடிதம் எழுதணும். பொறாமை இன்னும் இருக்குன்னு. டிரஸ்டிகள் அதைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவாங்க.”

“ஆனையூருக்கு இந்த மாதிரி ஏதாவது...?” என்று இயக்குநர் மெல்லக் கேட்டார்.

“இல்ல மேடம். இது உங்களுக்கு மட்டும்தான்.”

இயக்குநர் அன்றைக்கு மலையம்மாளைப் பார்த்துப் புன்னகைத்தார். ஞாயிற்றுக்கிழமை அல்லாத நாளில் அவர் புன்னகைத்தது அதுவே முதல் தடவை.

கடிதத்தைக் காளை தபால் நிலைய வராந்தாவில் உட்கார்ந்து எழுதினான். அல் அமீன் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். இருளாயி படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

‘மதிப்பிற்குரிய ஐயாக்களுக்கு, கொட்டாம்பட்டி காளை வணக்கத்துடன் எழுதுவது. சர்க்கரை நோயாளிகளைக் கண்டால் எனக்கு உண்டாகும் பொறாமை இன்றுவரை குறையவில்லை. மாத்திரை ஒழுங்காக வந்தால் அளவாகக் குறைத்துக்கொள்கிறேன். அடியோடு தீர்க்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். எங்கள் தெரு இருளாயிக்கும் அப்படியே.’

“வயிறு பற்றி எரிகிறதுன்னு ஒரு வரி போடுங்கண்ணே, கெட்டியா இருக்கும்.”

“போதும் மாப்ள. கூடப் போனா ஆஸ்பத்திரியில படுக்க வச்சிருவாங்க.” காளை மைப்பெட்டியை இருளாயி பக்கம் நகர்த்தினான். “பெரியம்மா, பெருவிரலை வையி.”

“இப்ப யாரு மேலப்பா பொறாமை?”

“சுகர்காரங்க மேல.”

“பாவம், இனிப்புத் திங்க முடியாதவங்க” என்றாள் இருளாயி. பிறகு மடியில் இருந்த காலி அட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, “சரி, போட்டுக்க” என்று விரலை அழுத்தினாள்.

காளை கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்து, அதன் வாயில் பசை தடவி ஒட்டினான். பஞ்சர் ஒட்டிய இடத்தை அழுத்துவதுபோல் இரு கட்டை விரல்களாலும் ஓரம் ஓரமாக அழுத்தினான். உறையைக் காதருகில் வைத்து, காற்று எங்கேயும் கசியவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஸ்பீடு போஸ்ட் ஜன்னலுக்குள் நீட்டினான்.